வில்லியம் ஹாலண்ட் தாமஸ்: செரோக்கி மக்களின் பணத்துக்காக வாஷிங்டனில் காத்திருந்த கடைக்காரர்

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். கண்ணீர்ப் பாதை, அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கிகளை 1838-ல் படை வைத்து மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தியது பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன், செரோக்கி தேசத்தின் தலைவர் ஜான் ராஸ் என்ற இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் மலையை விட்டு நகராமல் இருந்த செரோக்கிகளும் உண்டு. வட கரோலினாவின் மேற்குக் கோடியில், ஸ்மோக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில், இன்றும் அவர்கள் வாரிசுகள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி அங்கேயே இருந்தார்கள் என்று தேடினால் ஒரு கடைக்காரரிடம் வந்து நிற்கிறோம்.

வில்லியம் ஹாலண்ட் தாமஸ், 1805-ல் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா டெம்பரன்ஸ் தனியாக வளர்த்தார். சிறுவயதிலேயே ஃபீலிக்ஸ் வாக்கர் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் கடையில், சோகோ ஓடைக்கரையில், வேலைக்குச் சேர்ந்தார். கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் செரோக்கிகள். மான்தோலும் ஜின்செங் வேரும் கொண்டுவந்து போட்டுவிட்டுத் துணியும் உப்பும் வாங்கிப் போவார்கள். பையன் அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டான். யோனகுஸ்கா என்ற தலைவர் அவனைத் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டார். வாக்கரின் வியாபாரம் நொடித்தபோது சம்பளத்துக்குப் பதிலாகப் பழைய சட்டப் புத்தகங்கள் கிடைத்தன. அவற்றைப் படித்துத்தான் தாமஸ் பாதி வக்கீல் ஆனார். பிறகு சொந்தக் கடை. அதற்கப்புறம் ஒன்றுக்குப் பல கடைகள்.

1835 டிசம்பர் 29 அன்று நியூ எக்கோட்டா ஒப்பந்தம் கையெழுத்தானது. செரோக்கி தேசத்தின் சிறு பிரிவு ஒன்று, தேசத்தின் அனுமதி இல்லாமல், மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் முழுவதையும் 50 லட்சம் டாலருக்கு எழுதிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு செனட்டில் 31-க்கு 15 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்கை மயிரிழையில் எட்டி நிறைவேறியது; ஒரு வாக்கு மாறியிருந்தால் தோற்றிருக்கும். தாமஸின் பக்கத்து மலைச் செரோக்கிகளான குவாலா ஊர்க்காரர்கள் அவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். நாங்கள் போகமாட்டோம், ஆனால் ஒப்பந்தப்படி எங்கள் பங்குப் பணம் எங்களுக்கு வர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அன்று தொடங்கி இருபது வருடங்களுக்கு மேல் தாமஸ் இந்த வேலையை விடவில்லை. பல சமயம் மாதக்கணக்கில் தலைநகரிலேயே தங்கினார். போர்த்துறை அலுவலகம், பூர்வகுடிகளைக் கவனிக்கும் இந்திய விவகார அலுவலகம், காங்கிரஸ் குழுக்கள் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். ஊரில் கடைகளைக் குமாஸ்தாக்களும் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். வியாபாரத்தை அவர் கடிதத்தில்தான் நடத்தினார்.

என் கேள்வி இதுதான். அந்த மனிதர் அங்கே யாருடைய ஆளாக இருந்தார்? செரோக்கிகளின் பிரதிநிதியாகவா, அவர்களுக்குக் கடன் கொடுத்த வியாபாரியாகவா? எனக்குத் தெரிந்தவரை இரண்டுமாகத்தான் இருந்தார். அந்த மக்களை அங்கே நிலைநிறுத்தியதும் அதுதான், பிறகு கிட்டத்தட்ட அழித்ததும் அதுதான். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

முல்லைவனம் எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம். போனவர்களுக்குத்தானே பணம்? ஊரிலேயே இருந்துகொண்டு இடப்பெயர்ப்புப் பணம் கேட்டால் அரசாங்கம் எப்படிக் கொடுக்கும்?

பேரேடு எழுதியது:

முல்லைவனம், வாஷிங்டன் அதிகாரிகளும் இதையேதான் கேட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் இழுத்ததற்குக் காரணமும் இதுதான். ஒப்பந்தத்தின் பிரிவுகளைப் பார்த்தால்தான் புரியும்.

12-ஆம் பிரிவு, போக விரும்பாத குடும்பங்கள் மாநிலக் குடிமக்களாக இருந்துவிடலாம் என்கிறது. அவர்களுக்கு ஒப்பந்தப் பணத்தில் பங்கும் உண்டு. முதலில் எழுதிய வடிவில் தலைக்கட்டுக்கு 160 ஏக்கர் நிலத்தை அரசின் குறைந்தபட்ச விலையில் முன்னுரிமையோடு வாங்கும் உரிமையும் இருந்தது. ஜாக்சன் அதை ஏற்கவில்லை. 1836 மார்ச்சில் ஒரு துணை ஒப்பந்தம் போட்டு அந்த நில உரிமையை ரத்து செய்தார்கள். ஆக, இருக்கலாம், ஆனால் இருப்பதற்கு ஒரு சதுர அடி நிலமும் தரமாட்டோம் என்ற நிலை. நிலம் வேண்டுமானால் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் காசோ வாஷிங்டனில் இருக்கிறது.

அடுத்து 8-ஆம் பிரிவு. தாங்களாகவே கிளம்பிப் போகிறவர்களுக்கு ஆளுக்கு 20 டாலர் பயணச் செலவு, ஒரு வருட உணவுக்குப் பதிலாக 33 டாலர் 33 சென்ட். இரண்டையும் கூட்டினால் 53.33. வட கரோலினா செரோக்கிகளின் கதையில் இந்த எண் திரும்பத் திரும்ப வரும்.

தாமஸ் வாதம் இப்படிப் போகும்: இவர்கள் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவர்கள், இவர்களுடைய பொது நிலமும் சேர்த்துத்தான் விற்கப்பட்டது, எனவே ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கணக்குப் பணத்தில் பங்கு உண்டு, பயணத்துக்கும் உணவுக்கும் ஒதுக்கியதிலும் உண்டு. அதிகாரிகள் பதில்: போனால் தருகிறோம். கடைசியில் 1848 ஜூலை 29 அன்று காங்கிரஸ் ஒரு நடுவழி கண்டது. வட கரோலினாவிலேயே இருந்துவிட்டவர்களுக்கு ஆளுக்கு 53.33 டாலர் கருவூலத்தில் ஒதுக்கி வைக்கப்படும். அவர்கள் மேற்கே போகும் நாளில் அசல் கிடைக்கும். அதுவரை வருடத்துக்கு 6 சதவீத வட்டி. வருடம் ஆளுக்கு 3 டாலர் 20 சென்ட் என்று வருகிறது.

யார் யாருக்கு என்று தெரிய வேண்டுமே, அதனால் கணக்கெடுப்பு. முல்லே பட்டியல் என்று பெயர், 1848-ல் எடுத்தது. 1,517 பேர் இருந்தார்கள். 1851-ல் சைலர் பட்டியல், 1852-ல் சாப்மன் பட்டியல். இன்று செரோக்கி வம்சாவளி தேடுகிறவர்கள் புரட்டும் இந்த மூன்று பட்டியல்களும் ஒப்பந்தப் பணக் கோரிக்கையில் பிறந்தவை.

கருவேலன் எழுதியது:

ஓடைக்கரை சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நீங்கள் அவரை ரொம்ப மென்மையாக எழுதுகிறீர்கள்.

ஒரு ஊரில் ஒரே கடை. மக்கள் கடனுக்குச் சாமான் வாங்குகிறார்கள். கடனைத் திருப்ப அவர்களிடம் ரொக்கம் இல்லை. ஒரே நம்பிக்கை அரசாங்கத்திடமிருந்து வரவேண்டிய ஒப்பந்தப் பணம். அந்தப் பணத்தை வாங்கித்தர அவர்கள் அனுப்புகிற ஆளும் அதே கடைக்காரர். பணம் வந்தால் முதலில் எங்கே போகும்? கடைப் பேரேட்டில் இருக்கும் பற்றைக் கழித்துக்கொள்ளும். மிச்சத்தில் நிலம் வாங்குவார். நிலத்தை யார் பெயரில் எழுதினார்? தன் பெயரில். இதற்கு நம் ஊரில் பினாமி என்போம், ஆனால் பினாமியிலாவது உண்மையான சொந்தக்காரன் கையில் அதிகாரம் இருக்கும்.

இது இலவச சேவையும் இல்லை. கூலி உண்டு, அதை அவர் மறைக்கவும் இல்லை. நான் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஒரு மனிதனிடம் வக்கீல், கடன் கொடுத்தவர், முகவர், நில உடைமையாளர் என்ற நான்கு வேலையும் சேர்ந்தால் அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அடுத்தவருக்குப் பாதுகாப்பு கிடையாது என்கிறேன்.

ஓடைக்கரை எழுதியது:

கருவேலன், உங்கள் கோபம் நியாயமானது. அவர் பெயரில் ஏன் நிலம் என்பதற்கு மட்டும் ஒரு பின்னணி சொல்கிறேன். வட கரோலினா அந்தச் செரோக்கிகளை முழுக் குடிமக்களாக ஏற்கவில்லை. அவர்கள் அங்கே நிரந்தரமாக இருக்கலாம் என்று மாநிலம் தெளிவாகச் சட்டம் போட்டது 1866-ல்தான். அதுவரை ஒரு செரோக்கி பெயரில் இருக்கும் பத்திரம் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது யாருக்கும் உறுதியில்லாத விஷயம். வெள்ளையர் பெயரில் எழுதியதை அன்று ஊர்க்காரர்களே பாதுகாப்பு என்றுதான் நினைத்தார்கள். பாதுகாப்பு அவருடைய உடல்நலத்தையும் கடன் நிலையையும் நம்பி இருந்தது என்பதுதான் ஓட்டை.

இன்னொன்று. 1840-களில் அவர் வாங்கிய நிலத்தைத்தான் ஐந்து ஊர்களாகப் பிரித்தார்கள். பேர்ட் டவுன், பெயிண்ட் டவுன், உல்ஃப் டவுன், யெல்லோ ஹில், பிக் கோவ். அந்தப் பெயர்கள் வரைபடத்தில் இன்றும் இருக்கின்றன. பணத்தை விழுங்கிவிட்டுப் போகிற ஆள் ஊரை வகுத்துக் கொடுக்கமாட்டான்.

செம்பருத்தி எழுதியது:

இரண்டு பேருமே தாமஸை நடுவில் வைத்துப் பேசுகிறீர்கள். எனக்கு அதுவே உறுத்துகிறது. அந்த ஊர் நிலைத்ததற்குத் தாமஸ் வாஷிங்டனுக்குப் போவதற்கு முன்பே அடித்தளம் போட்டவர்கள் செரோக்கிகள்தான்.

1817, 1819 ஒப்பந்தங்களைப் பாருங்கள். 1819-ல் தேசம் ஓகோனலஃப்டி ஆற்றுப் பகுதியை விட்டுக்கொடுத்தபோது, தேசத்தோடு போகாமல் தனியாக இருக்க விரும்பும் குடும்பத் தலைவர்கள் 640 ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. யோனகுஸ்கா உட்படப் பலர் அதை எடுத்தார்கள். மாநிலம் அதே நிலத்தை வெள்ளையர்களுக்கும் விற்றது. யூசெல்லா என்ற செரோக்கி வழக்குப் போட்டு 1824-ல் வட கரோலினா உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அதன் பிறகுதான் மாநிலம் அந்த உரிமைகளுக்கு ஈடு கொடுத்து முடிக்க இறங்கி வந்தது. நீதிமன்றம், பத்திரம், ஈட்டுத்தொகை என்ற வழியை இவர்கள் அப்போதே பழகிவிட்டார்கள்.

இப்படி 1819-லிருந்து தேசத்தின் எல்லைக்கு வெளியே இருந்ததால்தான் 1838-ல் படை வந்தபோது நாங்கள் அந்தத் தேசத்தார் அல்ல, மாநிலத்தில் இருப்பவர்கள் என்று அவர்களால் வாதாட முடிந்தது. தாமஸ் கொண்டுபோன வாதம் அவர்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்தது.

யோனகுஸ்காவையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1830 வாக்கில் ஊர் முழுவதையும் மதுவை விட வைத்தார். அந்த உறுதிமொழியைத் தாமஸ் எழுத, ஊரார் ஒப்புக்கொண்டார்கள். மேற்கே நல்ல நிலம் இருக்கிறது என்று ஆசை காட்டியபோது, அங்கேயும் வெள்ளையர் வருவார்கள், இந்த மலை அவர்களுக்குப் பிடிக்காது, இங்கேதான் நமக்குப் பத்திரம் என்று கணித்தவர் அவர். 1839-ல் இறந்தார். தாமஸை ஊரின் தலைமைக்கு முன்மொழிந்துவிட்டுப் போனார். யாரை அனுப்புவது என்று முடிவு செய்தது அந்தக் கிழவர்.

பேரேடு எழுதியது:

செம்பருத்தி சொன்னது முக்கியமான திருத்தம். ஜான் ராஸையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அவரும் வியாபாரிதான், இன்றைய சாட்டனூகா இருக்கும் இடத்தில் ராஸ் லேண்டிங் என்ற துறையை நடத்தியவர். அவரும் வருடா வருடம் வாஷிங்டனில் கிடந்தார். ஆனால் அவருக்குப் பின்னால் தேசம், சபை, சட்டம், எழுத்து எல்லாம் இருந்தன. குவாலாக்காரர்களுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, ஒரு பவர் பத்திரம்தான். 1846-ல் மேற்கே போன தேசம் வாஷிங்டனோடு புதிய ஒப்பந்தம் செய்தபோது கிழக்கே இருப்பவர்கள் விட்டுப்போகும் ஆபத்து இருந்தது. அதன் 10-ஆம் பிரிவில், கிழக்கே வசிக்கும் செரோக்கிகளுக்கு 1835 ஒப்பந்தப்படி உள்ள உரிமைகள் எதையும் இது குறைக்காது என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தாமஸ் எவ்வளவு நடந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1848 சட்டம் வந்தது அதற்கு அடுத்துத்தான்.

வெண்ணிலவன் எழுதியது:

1838-ல் கொல்லப்பட்ட சாலி என்ற செரோக்கியின் கதையை யாரும் சொல்லவில்லையே? அவர் உயிரைக் கொடுத்ததால்தான் மற்றவர்கள் இருக்க அனுமதி கிடைத்தது என்று படித்திருக்கிறேன்.

செம்பருத்தி எழுதியது:

வெண்ணிலவன், சாலியின் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போகும்போது நடந்த கைகலப்பில் இரண்டு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 1838 நவம்பரில் சாலியைச் சுட்டுக் கொன்றார்கள், சுட்டவர்களும் செரோக்கிகளே. யூசெல்லாவின் கூட்டம் ராணுவத்துக்கு உதவியதால் அவர்களுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. தாமஸும் தேடுதலில் ராணுவத்துக்குத் துணையாக இருந்தார். குவாலா ஊர்க்காரர்கள் இருந்தது சாலியால் அல்ல, அவர்கள் விஷயம் அதற்கு முன்பே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் தானாக வந்து சரணடைந்தார் என்ற வடிவம் பின்னாளில் வளர்ந்தது, ராணுவ ஆவணங்கள் வேறு மாதிரி சொல்கின்றன. மக்கள் மனதில் அவருக்கு இருக்கும் இடத்தை நான் குறைக்கவில்லை.

கருவேலன் எழுதியது:

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. தாமஸ் அடிமைகளை வைத்திருந்தவர். 1848 முதல் உள்நாட்டுப் போர் வரை மாநில செனட்டில் இருந்தார். சாலைகளும் ரயிலும் மலைக்கு வர வேண்டும் என்று உழைத்தார், தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிவதற்கு ஆதரவாகவும் நின்றார். போர் வந்ததும் தாமஸ் லீஜியன் என்ற படையைத் திரட்டினார். நானூறு பேர் அளவுக்குச் செரோக்கிகள் அதில் சேர்ந்தார்கள். தங்களை நிலத்தை விட்டுத் துரத்திய தென் மாநிலங்களுக்காகவே அவர்கள் சண்டை போட வேண்டியிருந்தது. நிலப் பத்திரம் படைத்தலைவர் பெயரில் இருக்கும்போது எத்தனை பேரால் மறுத்திருக்க முடியும்? கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஓடைக்கரை எழுதியது:

அந்தக் கேள்வியை நானும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். விரும்பிச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள், அவர்மேல் பாசம் வைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் சுதந்திரமான தேர்வு என்று என்னால் எழுத முடியாது. அடிமைமுறை பற்றிச் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை.

முல்லைவனம் எழுதியது:

சரி, போருக்குப் பிறகு நிலம் என்ன ஆனது? கிட்டத்தட்ட அழித்தது என்று முதலில் சொன்னீர்களே.

பேரேடு எழுதியது:

இது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த இழையில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இந்தப் பகுதி.

போர் முடிந்தபோது தாமஸிடம் கடன் மலையாக இருந்தது. அதோடு மனநிலையும் பாதிக்கப்பட்டது. 1867-ல் முதன்முறையாக மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வாழ்நாளின் மிச்சத்தில் பெரும்பகுதி இப்படியே போனது. 1893-ல் மார்கன்டன் ஊர் மருத்துவமனையில் இறந்தார்.

எந்தெந்த நிலம் செரோக்கிகளின் பணத்தில் வாங்கியது, எது தன் சொந்தப் பணத்தில், யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு இன்னும் பாக்கி என்பதெல்லாம் அவர் தலையிலும் அவர் பேரேட்டிலும் இருந்தன. அந்தத் தலை குழம்பிவிட்டது. தாமஸிடமிருந்து கடன் வரவேண்டியிருந்த வில்லியம் ஜான்ஸ்டன் தீர்ப்பு வாங்கி, தாமஸின் நிலங்களை ஷெரிஃப் ஏலத்தில் எடுத்துவிட்டார். சட்டப்படி பார்த்தால் பத்திரத்தில் தாமஸ் பெயர்தானே. இப்படி முப்பது வருடங்களாக உழுது வந்த ஊர் முழுவதும் ஒரு மூன்றாவது ஆளின் கைக்குப் போனது. அவர் 30,000 டாலருக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். மக்கள் 6,500 டாலர் திரட்டிக் கட்டினார்கள். தங்களுடைய சொந்த நிலத்துக்கு இரண்டாவது முறை.

நல்லவேளை, 1868 ஜூலையில் காங்கிரஸ் கிழக்குச் செரோக்கிகளை மத்திய அரசின் பொறுப்பில் எடுத்தது. 1870-ல் வழக்குப் போட அனுமதித்தது. வழக்கு மூன்று நடுவர்களிடம் போனது. 1874-ல் தீர்ப்பு: குவாலா எல்லை என்று அழைக்கப்படும் சுமார் 50,000 ஏக்கர், தாமஸ் செரோக்கிகளுக்காக, அவர்கள் பணத்தில், ஒரு சமூகமாக அவர்களுக்கு வாங்கியது. அது அவர்களுடையது. அந்த நிலத்துக்காக அவர்கள் தாமஸுக்குத் தர வேண்டிய பாக்கி 18,250 டாலர் என்று கணக்கிட்டு, ஜான்ஸ்டனுக்குக் கட்டியது, தாமஸின் குமாஸ்தா டெரெல்லிடம் கொடுத்து வைத்தது எல்லாம் கழித்து, கடைசியில் ஏழாயிரம் டாலர் சொச்சம் நின்றது. அதைக் கட்டினால் நிலம் முழுதும் அவர்கள் கைக்கு வரும்.

நடுவர்கள் தாமஸை மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. அவர் வாங்கியது செரோக்கிகளுக்காகத்தான் என்பதே தீர்ப்பின் அடிப்படை. கருவேலன் சொன்ன நான்கு வேலைகளும் ஒரே ஆளிடம் இருந்ததால் வந்த ஆபத்தும் அதே தீர்ப்பில் தெரிகிறது. அவர் ஏமாற்றவில்லை, ஆனாலும் ஊர் ஏலத்துக்குப் போனது.

கருவேலன் எழுதியது:

இதை இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. நான் சொல்ல வந்ததற்கு இதைவிட வலுவான சாட்சி தேவையில்லை. தாமஸ் ஒரு அறக்கட்டளைப் பத்திரம் எழுதியிருந்தாலே, இன்ன நிலம் இன்னாருக்காக என்று பதிவு செய்திருந்தாலே, ஜான்ஸ்டனால் தொட்டிருக்க முடியாது. வாஷிங்டனில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் போராடிய மனிதர் வீட்டில் அந்த ஒரு காகிதத்தை எழுதவில்லை.

முல்லைவனம் எழுதியது:

மிச்சப் பாக்கி ஏழாயிரத்தை யார் கட்டினார்கள்?

பேரேடு எழுதியது:

அவர்களேதான். 1848-ல் ஒதுக்கிய 53.33 நிதி ஞாபகம் இருக்கிறதா? மேற்கே போனால்தான் அசல் கிடைக்கும் என்று கருவூலத்தில் கிடந்தது. 1875-ல் காங்கிரஸ், அதில் மிச்சமிருந்ததை நிலப் பத்திரங்களைச் சரிசெய்யவும், வழக்குச் செலவுக்கும், பள்ளிகளுக்கும், விவசாயக் கருவிகளுக்கும் பயன்படுத்த அனுமதித்தது. ஊரை விட்டுப் போவதற்கென்று ஒதுக்கிய பணம் ஊரிலேயே இருப்பதற்கான நிலத்தை மீட்டது. தாமஸ் அந்த நிதிக்காகக் காத்திருந்த வருடங்களை வீண் என்று என்னால் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் எல்லாக் கோரிக்கையும் ஜெயிக்கவில்லை. செரோக்கி தேசத்தின் பொது நிதியிலும் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று கிழக்குச் செரோக்கிகள் போட்ட வழக்கு 1886-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தேசத்தோடு போகாதவர்களுக்குத் தேசத்தின் சொத்தில் பங்கில்லை என்றது நீதிமன்றம்.

முல்லைவனம் எழுதியது:

இப்போது நிலம் யார் பெயரில் இருக்கிறது? மறுபடி தனி ஆள் பெயரில் இல்லையே?

செம்பருத்தி எழுதியது:

இல்லை. 1889-ல் வட கரோலினா அவர்களைக் கிழக்குச் செரோக்கிக் குழு என்று ஒரு சட்டபூர்வ அமைப்பாகப் பதிவு செய்தது, நிலம் அந்த அமைப்பின் பெயரில் இருந்தது. 1924 சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு அறங்காவலராக ஏற்றுக்கொண்டது. அதற்காக அப்போது எடுத்த உறுப்பினர் பட்டியலுக்கு பேக்கர் பட்டியல் என்று பெயர். இன்று குழுவில் சேர விண்ணப்பிப்பவர், தன் நேரடி முன்னோர் ஒருவர் அந்தப் பட்டியலில் இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறைகளைத் தேடுகிறவர்கள் சாப்மன், சைலர், முல்லே என்று பின்னால் போவார்கள்.